டிரையர் சுற்றவில்லை: நாமே பாகம் மாற்றுவதா, ஆள் கூப்பிடுவதா, புது மெஷின் வாங்குவதா?

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் இரண்டே நாளில் கொடி நிறைந்துவிடும். மச்சில் போட்ட துணியை அள்ளிக்கொண்டு இறங்கி, உள்வீட்டில் கயிறு கட்டி, மின்விசிறிக்கு அடியில் விரித்தாலும் ஈர வாடை போகாது. அந்த நாட்களில் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் சிறிய தொட்டிதான், அதாவது நாம் டிரையர் என்று சொல்லும் பகுதிதான், வீட்டைத் தாங்குகிறது. அது துணியைக் காய வைப்பதில்லை. வேகமாகச் சுற்றி நீரைப் பிழிந்து எடுக்கிறது. ஆனால் அப்படிப் பிழிந்த துணி உள்வீட்டில்கூட ஓரிரவில் உலர்ந்துவிடும். பிழியாத துணி இரண்டு நாள் தொங்கினாலும் நாறும்.

ஆண்டின் பெரும்பகுதி வெயிலை நம்பி இருப்பவர்கள் நாம். அதனால் டிரையரின் பழுது நம் கண்ணில் படுவதே மழை பிடித்த பிறகுதான். மெக்கானிக்குகளுக்கு வேலை குவிவதும் அதே வாரங்களில்தான். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தாருக்கு இதே நெருக்கடி ஆனி, ஆடிச் சாரலிலேயே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பாகத்தை வாங்கி நாமே மாற்றலாமா, ஊர் மெக்கானிக்கைக் கூப்பிடலாமா, கம்பெனி சர்வீஸுக்குப் பதிவு செய்யலாமா, அல்லது பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாகவே வாங்கிவிடலாமா?

இந்த நான்கில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மெஷினை வைத்து முடிவெடுக்காமல், தேய்ந்துபோன பாகத்தையும் அது தேய்ந்த காரணத்தையும் வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதை நான் கற்றுக்கொண்டது செலவழித்துத்தான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மெஷினில் டிரையர் மோட்டார் எரிந்தபோது, வந்த மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் புது மோட்டாரைப் பொருத்திவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் அதுவும் எரிந்தது. மேலே இருந்த ரப்பர் சீல் கிழிந்து, சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மோட்டாரின் தலையில் விழுந்துகொண்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நூற்றைம்பது ரூபாய்ச் சீலைக் கவனிக்காததால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மோட்டார் இரண்டு முறை போனது.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், பழுதான பாகம் தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறதா என்பது. பிரேக் வயர் அறுந்தால் அது வெறும் இயந்திர வேலை. சீல் கிழிந்தாலோ மோட்டார் எரிந்தாலோ, நாம் செய்யும் சிறு தவறு ஈரக் கையோடு மெஷினைத் தொடும் இன்னொருவரின் உயிரைத் தொடும். மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, காரணத்தைக் கண்டுபிடித்தோமா என்பது. மூன்றாவது பணம்; பாகத்தின் விலை மட்டுமல்ல, வண்டிச் செலவு, வீணாகும் நாள், தவறாக வாங்கிய பாகம் ஆகியவையும் அதில் சேரும். நான்காவது, எத்தனை நாளில் மெஷின் ஓடும் என்பது. ஐந்தாவது, பிறகு மறுபடியும் பழுதானால் யார் பொறுப்பு என்பது. மெஷினின் வயதை நான் கடைசியில்தான் வைப்பேன். பத்து வருட மெஷினிலும் துவைக்கும் பக்கம் நன்றாக இருந்து பிரேக் கட்டை மட்டும் தேய்ந்திருக்கலாம். மூன்றே வருட மெஷினின் அடித்தட்டு உப்புத் தண்ணீரில் அரித்துப் போயிருக்கலாம்.

## செலவில்லாத நான்கு சோதனைகள்

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

மின்னழுத்தம் முதலாவது. மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், விசை ஏறக்குறைய 61 விழுக்காடாகக் குறைந்துவிடும். மாலை வேளையில் விளக்கு மங்கும் ஊர்களில் டிரையர் முக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காலையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது வடிகால் குழாய். அது மடங்கியோ அடைத்தோ இருந்தால் டிரையர் தொட்டியில் தண்ணீர் தேங்கி, டிரம் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது, டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே விழுந்த குழந்தைக் காலுறையோ கைக்குட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, துணி அடுக்கிய முறை. இதைச் சற்று விளக்க வேண்டும். டிரம் நிமிடத்துக்கு 1,300 முதல் 1,400 சுற்று சுற்றுகிறது. ஆரம் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், அதன் ஓரத்தில் இருக்கும் பொருள் தன் எடையைப் போல 240 மடங்கு விசையோடு வெளிநோக்கி இழுக்கும். ஒரு பக்கம் வெறும் 100 கிராம் ஈரத்துணி கூடிவிட்டால்கூட, 24 கிலோ எடையைக் கட்டி இழுப்பது போல அது டிரம்மை ஆட்டும். ஜமுக்காளத்தை ஒரு பக்கமாகத் திணித்துவிட்டு, "மெஷின் குதிக்கிறது" என்று சொல்வதில் மெஷினின் தவறு எதுவும் இல்லை. அந்த ஆட்டத்தில்தான் ஸ்பிரிங்கும், தண்டைத் தாங்கும் புஷ்ஷும், சீலும் காலத்துக்கு முன்பே தேய்கின்றன.

## எந்தப் பாகம், ஏன் தேய்கிறது

பிரேக் வயரும் பிரேக் கட்டையும். டிரையர் மூடியைத் திறந்தவுடன் டிரம் சில நொடிகளில் நிற்க வேண்டும். இதைச் செய்வது மோட்டார் தண்டில் உள்ள பிரேக் டிரம்மின் மேல் அழுந்தும் ஒரு கட்டை. மூடியைச் சாத்தும்போது மூடியோடு சேர்ந்த நெம்புகோல் பிரேக் வயரை இழுத்து, கட்டையை விலக்கிப் பிடிக்கிறது. திறக்கும்போது வயர் தளர, ஸ்பிரிங் கட்டையை அழுத்துகிறது. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதுகள் விளங்கிவிடும். வயர் அறுந்தாலோ தொய்ந்தாலோ பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். மோட்டார் சுற்ற முயன்று, முடியாமல் "ம்ம்ம்" என்று உறுமிச் சூடாகும். அந்த உறுமலோடு ஐந்து நிமிட டைமரைத் திரும்பத் திரும்பத் திருகிவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துவிடும். மாறாக, கட்டை தேய்ந்திருந்தால் மூடியைத் திறந்த பிறகும் டிரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். இதைப் பழுது என்றே பலர் நினைப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் மிகவும் ஆபத்தான பழுது; சுற்றும் துணியில் சிக்கிய விரலை டிரம் விடாது.

கண்டன்சர். கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள். இது பலவீனமானால் மோட்டாருக்குத் தொடக்க உந்துதல் கிடைக்காது. காலி டிரம் மெதுவாகக் கிளம்பும், துணி போட்டால் நின்றுவிடும். உறுமல் மட்டும் கேட்டால் பிரேக்கா கண்டன்சரா என்று குழப்பம் வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மூடியின் நெம்புகோலைச் சாத்திய நிலையில் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் பிரேக்கில் குற்றமில்லை, கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். இறுக்கமாக இருந்தால் பிரேக்கையோ புஷ்ஷையோ பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைப் பிளக் மாட்டிய நிலையில் யாரும் செய்யக் கூடாது.

பல மெஷின்களில் துவைக்கும் மோட்டாருக்கும் டிரையர் மோட்டாருக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் இரண்டு கண்டன்சர் இருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவையும் வோல்ட் அளவையும் பார்த்து அதே அளவில்தான் வாங்க வேண்டும். "கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வேகமாகச் சுற்றும்" என்று சிலர் சொல்வார்கள். வேகம் அதிகரிக்காது, காயில்தான் சூடாகும்.

பெல்லோவும் புஷ்ஷும். டிரம்மின் தண்டு தொட்டியின் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள மோட்டாருக்குப் போகிறது. அந்தத் துளையில் தண்ணீர் இறங்காமல் காப்பது பெல்லோ என்னும் மடிப்பு ரப்பர்; அதன் நடுவே தண்டைத் தாங்கும் புஷ்ஷும் எண்ணெய்ச் சீலும் இருக்கும். தாமிரபரணித் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் இது நெடுநாள் உழைக்கும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்பேறிய போர்த் தண்ணீரில் துவைக்கிற வீடுகளில் தண்டு துருவேறி, அந்தத் துரு அரம் போலச் சீலின் உதட்டை அராவிவிடும். புதுச் சீல் போடும்போது தண்டை வழவழப்பாக்காமல் போட்டால் அதுவும் விரைவில் கிழியும்.

மோட்டார். பிரேக், பெல்லோ ஆகிய இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால்தான் பெரும்பாலும் மோட்டார் எரிகிறது. அது தானாக எரிவது அரிது. ஆகவே மோட்டாரை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், "எதனால் எரிந்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடையில் செம்புக் காயில் மோட்டார், அலுமினியக் காயில் மோட்டார் என இரண்டும் கிடைக்கும். விலை வேறுபாடு சில நூறு ரூபாய்தான், செம்பையே வாங்குங்கள். பழைய மோட்டாருக்குக் காயில் கட்டித் தருபவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மாடல் பழையதாகிப் புது மோட்டார் பொருந்தாதபோது அது நல்ல வழி.

ஸ்பிரிங், டைமர், மூடி சுவிட்ச் ஆகியவை சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியவை. மோட்டாரைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்குகளில் ஒன்று ஒடிந்தாலும் டிரம் தொட்டியில் இடிக்கும். அப்போது மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டைமரைத் திருகியும் எந்தச் சத்தமும் இல்லை என்றால் டைமரின் தொடுமுனையோ மூடி சுவிட்சோ கருகியிருக்கலாம். எலி கடித்த வயராகவும் இருக்கலாம். புறவாசலில் வைத்திருக்கும் மெஷின்களில் அடிப்பக்கம் திறந்தே இருப்பதால் இது அடிக்கடி நேர்கிறது. ஒரு துண்டு இரும்பு வலையைக் கட்டிவிட்டால் தடுத்துவிடலாம்.

## நாமே மாற்றுவது

கையில் ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர், எட்டாம் எண் மற்றும் பத்தாம் எண் ஸ்பேனர், ஒரு சாதாரண மல்டிமீட்டர், கைப்பேசி ஆகியவை இருந்தால் தொடங்கலாம். கைப்பேசி எதற்கு என்றால், ஒவ்வொரு திருகைக் கழற்றுவதற்கு முன்னும் ஒரு படம் எடுத்துக்கொள்வதற்கு. டிரையர் மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயர்களை இடம் மாற்றி இணைத்துவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றலாம் அல்லது சூடாகிக் கெடலாம். படம் இருந்தால் அந்தத் தவறு நடக்காது.

பிளக்கைக் கழற்றுவதுதான் முதல் வேலை. சுவிட்சை அணைப்பது போதாது. அதன் பிறகும் கண்டன்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட் என்பதால் அது கொடுக்கும் அடி விளையாட்டல்ல. ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரு வயர் முனைகளையும், காப்பிட்ட பிடியால் பிடித்து, கண்டன்சர் முனைகளில் சில நொடி தொட்டுவைத்தால் அது இறங்கிவிடும். மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

பிரேக் வயர் மாற்றுவது மிக எளிது. பின் மூடியைக் கழற்றினால் மூடி நெம்புகோலிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர் கண்ணுக்குத் தெரியும். பல மாடல்களில் அதன் முனையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். மூடி சாத்தியிருக்கும்போது கட்டை பிரேக் டிரம்மைத் தொடாமலும், மூடியைச் சற்றுத் தூக்கியவுடன் தொடும்படியும் துளையைத் தேர்ந்து மாட்ட வேண்டும். முதல் முறை செய்பவருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கண்டன்சரும் அவ்வாறே.

பெல்லோ மாற்றுவது வேறு கதை. அடியில், தண்டையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைத் தளர்த்தி, டிரம்மைத் தண்டோடு மேலே தூக்கி எடுத்து, பழைய ரப்பரை உருவி, தண்டை நைஸ் எமரித் தாளால் துடைத்து, கிரீஸ் தடவிப் புதியதைப் பொருத்த வேண்டும். எழுதும்போது ஒரு வரி. உப்புத் தண்ணீர் வீடுகளில் துருப்பிடித்த கப்ளிங்கைக் கழற்றுவதற்கே ஒரு பகல் போய்விடும். அவசரப்பட்டுச் சுத்தியலால் அடித்தால் தண்டு வளையும். வளைந்த தண்டோடு ஓடும் மெஷின் புதுச் சீலையும் தின்றுவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஓரிரவு விட்டுவைத்து மறுநாள் தொடுவதுதான் முறை.

மோட்டாரை மீட்டர் வைத்துச் சோதிப்பது யாருக்கும் கைவரும். மூன்று வயர்களில் இரண்டிரண்டாக ஓம் அளவு எடுங்கள். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். ஏதேனும் ஒரு ஜோடியில் அளவே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. வயருக்கும் மோட்டாரின் இரும்புக்கும் இடையே அளவு காட்டினால் அந்த மோட்டாரை மறுபடி ஓட்டவே கூடாது.

இந்த வழியின் மறைவான செலவு, தவறான பாகம். மாடல் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிய பெல்லோ அரை சென்டிமீட்டர் வேறுபட்டால் பொருந்தாது. மின்சாரப் பாகங்களைப் பொருத்திப் பார்த்த பிறகு பல கடைகளில் திரும்ப எடுப்பதில்லை. வள்ளியூரிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ ஒரு ரப்பருக்காக நெல்லைக்கு இரண்டு முறை பஸ் ஏறினால், மெக்கானிக்கின் கூலியே மலிவாக இருந்திருக்கும். ஆகவே பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.

வாரண்ட்டி முடிந்துவிட்ட மெஷின், பிரேக் அல்லது கண்டன்சர் பழுது, வீட்டில் ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை ஒருங்கே இருந்தால் இந்த வழியைவிட நல்லது இல்லை. எர்த் இல்லாத வீட்டில் மோட்டார் வேலையைத் தொடாதீர்கள்.

## ஊர் மெக்கானிக்

நல்ல மெக்கானிக் கிடைத்தால் மோட்டார், பெல்லோ, ஸ்பிரிங் வேலைகளுக்கு இதுவே சிறந்த வழி. ஒரு நாளைக்கு நாலைந்து மெஷின் பார்க்கிறவருக்குச் சத்தத்தைக் கேட்டே பாதி தெரிந்துவிடும். துருப்பிடித்த கப்ளிங்கை எங்கே தட்ட வேண்டும் என்பதும் தெரியும். கூலி பெரும்பாலும் 300 ரூபாயிலிருந்து 600 ரூபாய்க்குள் இருக்கும். இரவில் கூப்பிட்டாலும் வருபவர்கள் இருக்கிறார்கள்.

குறை எங்கே வருகிறது என்றால், அவசரத்தில்தான். ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அவருக்குக் கட்டாது என்பதால், எரிந்ததை மாற்றிவிட்டு எரியக் காரணமானதை விட்டுவிடுவது நடக்கிறது. அவரைக் குறைசொல்லி என்ன? அவர் மெஷினைத் திறந்திருக்கும்போது நாம் கூட நின்று பார்க்க வேண்டும். பெல்லோ ஈரமாக இருக்கிறதா, பிரேக் விலகுகிறதா என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும். மாற்றிய பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடி சுவிட்ச் கெட்டிருந்தால் அதன் இரு வயரையும் ஒன்றாக முறுக்கி நேரடியாக இணைத்து, "ஓடும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்த மெஷின் மூடி திறந்திருந்தாலும் முழு வேகத்தில் சுற்றும். குறைந்த விலையில் கிடைக்கும் ஒரு சுவிட்சுக்காகப் பிள்ளையின் கையைப் பணயம் வைக்கக் கூடாது.

மழைக்காலத்தில் இன்னொரு செலவும் சேரும். "இன்று வருகிறேன், நாளை வருகிறேன்" என்று மூன்று நாள் போகும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்களில் இலையும் தூளும் வாங்கவும் சுற்றிய பீடியைக் கொடுக்கவும் போக வேண்டிய நேரத்தில் ஆளுக்காகக் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும். இதையும் பழுதுச் செலவோடு கூட்டிப் பாருங்கள்.

## கம்பெனி சர்வீஸ்

வாரண்ட்டிக்குள் இருக்கும் மெஷினுக்கு இதைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை; வெளியாள் திறந்தால் வாரண்ட்டி போய்விடலாம். வாரண்ட்டி அட்டையை மட்டும் நிதானமாகப் படியுங்கள். "மோட்டாருக்கு ஐந்து வருடம்" என்று கடையில் சொன்னது துவைக்கும் மோட்டாருக்கு மட்டுமாக இருக்கலாம். டிரையர் மோட்டார் அதில் சேராமல் இருக்கலாம். எலி கடித்ததும் வெள்ளத்தில் மூழ்கியதும் பொதுவாக வாரண்ட்டியில் வராது.

வாரண்ட்டி முடிந்த பிறகு, வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணமும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. பாகம் பொருத்தமாக இருக்கும், ரசீது இருக்கும், அதே பழுது மறுபடி வந்தால் கேட்க உரிமை இருக்கும். அதற்கு ஈடாக, சிறு ரப்பருக்குப் பதில் முழுத் தொகுதியையே மாற்றச் சொல்வதும், பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்க வைப்பதும் நடக்கும். பில் தராமலோ பாகம் தர மறுத்தோ இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வீட்டு உபயோகப் பொருட்களும் அடக்கம்.

## புதிது வாங்குவது

புது செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஏறக்குறைய 8,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய் வரை ஆகும். எக்ஸ்சேஞ்சில் பழையதற்குக் கிடைக்கும் தொகை சிறியது. ஓடாத மெஷினுக்கு இன்னும் சிறியது. நான் பின்பற்றும் கணக்கு இது: சரிசெய்ய ஆகும் மொத்தச் செலவு புது மெஷினின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அல்லது ஒரே வருடத்தில் இரண்டாவது பெரிய பழுது வந்தால், புதியதைப் பற்றி யோசிப்பேன். அடித்தட்டு துருப்பிடித்து உளுத்திருந்தாலும் தொட்டியில் விரிசல் இருந்தாலும் கணக்கே பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சேற்றில் மூழ்கிய மெஷினைக் கழுவிக் காய வைத்து ஓட்டலாமா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இன்றும் என் பதில் அதுதான்: மோட்டார், டைமர், கண்டன்சர் மூன்றும் சேற்றில் கிடந்திருந்தால், அவற்றை மாற்றும் செலவு புது மெஷினுக்கு அருகில் வந்துவிடும். தண்ணீர் மோட்டார் மட்டத்துக்குக் கீழேயே நின்றிருந்தால் மட்டும் காப்பாற்றப் பாருங்கள்.

பழையதைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குத் தூக்கிப் போடுவதற்கு முன், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மின்கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு இருக்கிறது என்பதைப் புது மெஷின் வாங்கும் கடையில் நினைவுபடுத்துங்கள்.

## பாகத்துக்குப் பாகம் என் தேர்வு

விலைகள் மாடலுக்கு மாடல் மாறும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

| பழுதான பாகம் | அறிகுறி | பாகத்தின் விலை (ரூ.) | என் தேர்வு |
|---|---|---|---|
| பிரேக் வயர் | உறுமல், டிரம் கையாலும் சுற்றாது | 50–150 | நாமே |
| பிரேக் கட்டை | மூடி திறந்தும் டிரம் நிற்காது | 50–150 | நாமே, அன்றே |
| கண்டன்சர் | காலியாகச் சுற்றும், துணி போட்டால் நிற்கும் | 100–250 | நாமே, மின்னேற்றத்தை இறக்கிய பின் |
| டைமர், மூடி சுவிட்ச் | சத்தமே இல்லை | 100–300 | வயர் வேலை பழகியவர் நாமே. மற்றவர் மெக்கானிக் |
| ஸ்பிரிங் மூன்றும் | டிரம் தொட்டியில் இடிக்கும் | 150–300 | மெக்கானிக், அல்லது துணைக்கு ஒருவரோடு நாமே |
| பெல்லோ, புஷ் | அடியில் நீர்ச் சொட்டு, கிரீச் சத்தம் | 100–250 | நல்ல தண்ணீர் வீட்டில் நாமே. உப்புத் தண்ணீர் வீட்டில் மெக்கானிக் |
| மோட்டார் | கருகிய வாடை, மின்சாரம் டிரிப் ஆவது | 900–1,800 | மெக்கானிக். பெல்லோவும் பிரேக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் |
| தொட்டி விரிசல், உளுத்த அடித்தட்டு | தரையெல்லாம் தண்ணீர், ஆட்டம் | – | புதிது |

## வெப்பக் காற்று டிரையர் வைத்திருப்பவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் சிலர் வீட்டிலும் அடுக்குமாடிகளிலும் சூடான காற்றால் துணியை உலர்த்தும் தனி டிரையர் இருக்கிறது. அதன் அளவுகோல்களும் இவையே, பாகங்கள் வேறு. டிரம்மைச் சுற்றும் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் புல்லி, டிரம்மைத் தாங்கும் உருளைகள் ஆகிய மூன்றும் தேய்வது இயல்பு. பொறுமை உள்ளவர் தாமே மாற்றலாம். பெல்ட் அறுந்தால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், டிரம் சுற்றாது. சில மாடல்களில் பாதுகாப்பு சுவிட்ச் மோட்டாரையும் நிறுத்திவிடும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் இவை எளிதில் கிடைப்பதில்லை. வரவழைக்க ஆகும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

வெப்ப ஃபியூஸ் போனால் மட்டும் கவனம் தேவை. காற்று போகும் வழியில் நூல் பிசிறு அடைத்து, உள்ளே சூடு ஏறியதால்தான் அது பெரும்பாலும் அறுகிறது. அடைப்பை எடுக்காமல் ஃபியூஸை மாற்றினால் மறுபடியும் அறும். ஃபியூஸைத் தவிர்த்து வயரை நேராக இணைத்தால் தீப்பிடிக்கலாம். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் துணி டிரையர்களால் நேர்ந்தன. அவற்றுக்கு முதற்காரணம் சுத்தம் செய்யாததுதான். பிசிறு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள், குழாயை மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். சூடேற்றும் காயிலும் அதன் இணைப்புகளும் அதிக மின்சாரம் இழுப்பவை என்பதால் அவற்றைக் கம்பெனி ஆளிடமே விட்டுவிடுவேன்.

## மாற்றிய பிறகு

யார் மாற்றினாலும், பின் மூடியைப் பூட்டிவிட்டு உடனே துணியைப் போடாதீர்கள். மெஷினுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, டிரையர் தொட்டிக்குள் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தாளில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் பெல்லோ சரியாக உட்காரவில்லை என்று பொருள். தாள் காய்ந்திருந்தால், காலி டிரம்மை ஒரு நிமிடம் ஓட்டி, ஓடும்போதே மூடியைச் சற்றுத் தூக்கி, டிரம் எத்தனை நொடியில் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஏழெட்டு நொடிக்கு மேல் போனால் பிரேக் வயரை ஒரு துளை மாற்றி மாட்ட வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி, பின் மூடியைத் திறந்து, மோட்டாரின் மேற்பகுதியில் ஈரம் இருக்கிறதா என்று காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். இரண்டு பேர்த் துணியோடு முழு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது அதற்கு அடுத்துத்தான்.